முப்பலகை ஓவியம்: டிரிப்டிக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஓவியங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் 'டிரிப்டிக்' என்ற சொல் திரும்பத் திரும்ப எதிரே வரும். "மூன்று பலகை சேர்ந்த ஓவியம்" என்று ஒரு வரியில் விளக்கிவிட்டு எல்லாரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வரியில் முக்கியமானது விட்டுப்போகிறது. டிரிப்டிக்குக்குக் கதவு உண்டு. அது மூடும், திறக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இந்த ஓவியங்கள் பிடிபடும் என்பது என் அனுபவம். அதனால் கீழே உள்ள பதில்களில் கதவும் கீலும் அடிக்கடி வரும்.

டிரிப்டிக் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கிரேக்கத்திலிருந்து. 'மூன்று மடிப்பு' என்று பொருள். பழைய காலத்தில் ரோமானியர்கள் மரப்பலகையில் மெழுகு பூசி, அதில் கூரான எழுத்தாணியால் எழுதினார்கள். இரண்டு மூன்று பலகைகளைக் கோத்து, எழுத்து அழியாமல் இருக்க உள்பக்கமாக மடித்து வைப்பார்கள். இரண்டு பலகை என்றால் டிப்டிக், மூன்று என்றால் டிரிப்டிக், அதற்கு மேல் போனால் பாலிப்டிக்.

அந்த மடிப்புப் பலகையின் வடிவத்தைக் கிறிஸ்தவக் கலை எடுத்துக்கொண்டது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஹார்பவில் டிரிப்டிக் என்று ஒன்று இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தில் யானைத் தந்தத்தில் செதுக்கியது. திறந்து வைத்தால்கூட அகலம் 30 சென்டிமீட்டரைத் தொடாது. மடித்தால் கையோடு எடுத்துப் போகலாம், போன இடத்தில் திறந்து வைத்தால் அதுவே பீடம். பிற்பாடு இதே அமைப்பு மரத்தில், எண்ணெய் வண்ணத்தில், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து தேவாலயப் பீடங்களின் மேல் ஏறிக்கொண்டது.

ஏன் மூன்று? கிறிஸ்தவத் திரித்துவத்தைக் குறிக்கிறதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "பிதா, சுதன், பரிசுத்த ஆவி, அதனால் மூன்று பலகை" என்ற பதிலும் எங்கும் கிடைக்கும். மூன்று என்ற எண் கிறிஸ்தவ மனதுக்கு நெருக்கமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆளுக்கொரு பலகை என்று மூவரையும் பிரித்து வரைந்த டிரிப்டிக்கைத் தேடினால் எளிதில் கிடைக்காது. முதல் காரணம் தச்சு வேலையில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறக்கும் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தாளை எடுத்து, இரண்டு ஓரங்களையும் நடுவில் சந்திக்கும்படி மடித்துப் பாருங்கள். நடுப்பகுதியின் அகலத்தில் சரிபாதி ஒவ்வொரு மடிப்பும். பல டிரிப்டிக்குகளின் கணக்கு இதுதான்: நடுப்பலகை முழு அளவு, பக்கப் பலகைகள் பாதி அகலம், மூடினால் நடுவை அப்படியே மறைக்கும். அப்படிப் பார்த்தால் அது மூன்று சமமான படங்கள் கிடையாது. ஒரு படம், அதற்கு இரண்டு கதவுகள். நடுவில் இருப்பது மூலவர் மாதிரி, பக்கத்தில் இருப்பவர்கள் நடுவை நோக்கி நிற்பவர்கள். டிரிப்டிக்கின் குறியீடுகள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டிலிருந்துதான் முளைக்கின்றன.

மூடினால் என்ன தெரியும்?

கதவின் வெளிப்பக்கத்திலும் ஓவியம் இருக்கும். ஆனால் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில், கல்லில் செதுக்கிய சிலை போலத் தோன்றும்படி வரைந்திருப்பார்கள். சாதாரண நாட்களில் மக்கள் பார்த்தது அதைத்தான். ஞாயிற்றுக்கிழமையோ திருவிழாவோ வந்தால் கதவு திறக்கும். சாம்பலுக்குள்ளிருந்து சிவப்பும் நீலமும் பொன்னும் வெளியே வரும்.

நமக்கு இது புரியாத அனுபவம் இல்லை. கோயிலில் அலங்காரம் நடக்கும்போது சன்னிதியில் திரை போட்டிருக்கும். நின்று காத்திருப்போம். மணி அடிக்கும், திரை விலகும், தீபாராதனை வெளிச்சத்தில் முகம் தெரியும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவ்வளவு நேரம் நின்றது. டிரிப்டிக்கின் கதவு செய்வதும் இதே வேலைதான். புத்தகத்திலும் இணையத்திலும் நாம் பார்ப்பது எப்போதும் திறந்த நிலைப் படம் என்பதால் அந்தக் காத்திருப்பு நமக்குக் கிடைப்பதில்லை.

இடது, வலது என்பதற்குப் பொருள் உண்டா?

உண்டு. ஆனால் நம் இடது வலது கணக்கில் பார்த்தால் குழம்பிவிடும். படத்துக்குள் இருக்கும் இயேசுவின் அல்லது மாதாவின் வலக்கை எந்தப் பக்கமோ அதுதான் மேலான பக்கம். பார்க்கும் நமக்கு அது இடது. ஹான்ஸ் மெம்லிங் வரைந்த இறுதித் தீர்ப்பு டிரிப்டிக்கில் நம் இடப்பக்கம் மோட்ச வாசல், வலப்பக்கம் நரகம். நடுவில் மிக்கேல் என்ற வானதூதர் தராசோடு நின்று ஆத்துமாக்களை நிறுக்கிறார்.

ஓவியத்துக்குப் பணம் கொடுத்தவர்களும் இதே ஒழுங்கில்தான் மண்டியிட்டிருப்பார்கள். ஹூகோ வான் டெர் கூஸ் 1475-ஐ ஒட்டி வரைந்த போர்ட்டினாரி டிரிப்டிக்கில் இடப்பக்கம் கணவர் தோம்மாசோவும் மகன்களும், வலப்பக்கம் மனைவி மரியாவும் மகளும். இந்தத் தோம்மாசோ புரூஜ் நகரில் மெதிச்சி வங்கியை நடத்தியவர். விரித்தால் கிட்டத்தட்ட 6 மீட்டர் அகலம் வரும் அந்த ஓவியம் கப்பலேறி 1483இல் பிளாரன்ஸ் வந்து சேர்ந்தது. இப்போது அங்கே உஃபீசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரு டிரிப்டிக்கை முழுவதுமாகப் படித்துக் காட்ட முடியுமா?

ராபர்ட் காம்பினின் பட்டறையில் 1427-க்கும் 1432-க்கும் இடையில் உருவான மெரோட் டிரிப்டிக்கை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கின் குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 64 சென்டிமீட்டர், திறந்தால் அகலம் சுமார் 118. தேவாலயத்துக்கு இது சிறியது, வீட்டில் வைத்து ஜெபிக்கத் தகுந்த அளவு.

நடுவில் மங்கள வார்த்தை: கபிரியேல் தூதர் மரியாளிடம் வந்து, நீ கருவுறுவாய் என்று சொல்லும் காட்சி. இடம் ஆலயமோ அரண்மனையோ இல்லை, பெஞ்சும் கணப்பும் உள்ள ஒரு சாதாரண வீட்டு அறை. மரியாள் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள், தூதர் வந்ததை இன்னும் கவனிக்கவில்லை. மேசை மேல் ஜாடியில் லில்லி மலர், கன்னிமையின் அடையாளம். பக்கத்தில் மெழுகுவர்த்தி இப்போதுதான் அணைந்திருக்கிறது, திரியிலிருந்து புகை மெல்லிய இழையாக எழுகிறது. காரணம் தேடிக் கண்ணை மேலே கொண்டுபோனால், இடது சுவரின் வட்டச் சன்னல் வழியாக ஒளிக்கதிர்கள் வருகின்றன. அந்தக் கதிரோடு விரல் அளவுகூட இல்லாத ஒரு குழந்தை சிலுவையைச் சுமந்தபடி மரியாளை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் கருவே உருவாகவில்லை, சிலுவை வந்துவிட்டது.

வலது கதவில் மரியாளின் கணவர் சூசையப்பரின் தச்சுப்பட்டறை. பலகையில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். மேசை மேல் ஒரு எலிப்பொறி, வெளியே சன்னல் திண்டில் இன்னொன்று. இயேசு பிறப்பதற்கும் எலிப்பொறிக்கும் என்ன சம்பந்தம்? புனித அகுஸ்தினார் தம் பிரசங்கங்களில் சொன்ன உவமை அது: சாத்தானுக்கு ஆண்டவரின் சிலுவைதான் எலிப்பொறி, அவருடைய சாவுதான் இரை. கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷப்பிரோ 1945இல் இந்தத் தொடர்பை எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தச் சின்ன மரப்பெட்டியைச் சும்மா ஒரு சாமான் என்று பார்க்க முடிவதில்லை. சன்னலுக்கு வெளியே கடைத்தெருவும் மக்களும் தெரிகிறார்கள். ஊர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, யாருக்கும் எதுவும் தெரியாது.

இடது கதவில் ஓவியத்தைச் செய்வித்த கணவனும் மனைவியும் தோட்டத்தில் மண்டியிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. அதன் வழியே மரியாளின் அறையைப் பார்க்கிறார்கள். கதவின் மேலேயே ஒரு கதவை வரைந்து அதையும் திறந்து வைத்திருக்கிறார் ஓவியர். எனக்கு இந்த ஓவியத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அறைக்குள் அவர்கள் வரவில்லை, வாசலில் இருக்கிறார்கள். நாமும் அங்கேதான் நிற்கிறோம்.

நோயாளிகளுக்காக வரைந்த டிரிப்டிக் என்று ஒன்று சொல்கிறார்களே?

இசன்ஹைம் பீட ஓவியம். மத்தியாஸ் குரூனவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையில் வரைந்தது. இன்றைய பிரான்சின் கோல்மார் நகரில், உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு அடுக்குக் கதவுகள் இருப்பதால் கறாராகச் சொன்னால் இது பாலிப்டிக். இருந்தாலும் கதவின் பொருளை இதைவிட ஆழமாகச் சொன்ன படைப்பு எனக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இசன்ஹைமில் அந்தோனியார் சபைத் துறவிகளின் மடமும் மருத்துவமனையும் இருந்தன. அங்கே வந்தவர்கள் 'அந்தோனியார் நெருப்பு' என்ற நோய்க்காரர்கள். ரை தானியத்தில் எர்காட் என்ற பூஞ்சை பிடிக்கும். அந்த மாவில் செய்த ரொட்டியைத் தின்றால் உடம்பு தீயில் இட்டதுபோல் எரியும், வலிப்பு வரும், கை கால் கறுத்து அழுகும். அழுகிய உறுப்பை வெட்டுவார்கள். இதற்குக் காரணம் தானியம்தான் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது.

மூடிய நிலையில் அந்த நோயாளிகள் பார்த்தது சிலுவையில் அறைந்த இயேசுவை. வேறு ஓவியங்களில் வரும் அழகான உடல் இல்லை இது. தோல் பச்சை பாய்ந்து, உடம்பெங்கும் முள் தைத்த புண்ணாக இருக்கிறது. ஆணி அடித்த உள்ளங்கையிலிருந்து விரல்கள் வலியில் விறைத்து ஆளுக்கொரு திசையில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தங்கள் உடம்பில் இருந்ததை அவர்கள் அவர் உடம்பில் கண்டார்கள்.

இப்போது கதவைத் திறக்க வேண்டும். சிலுவை சரியாக நடுவில் இல்லை, சற்று வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. அதனால் கதவுகள் பிரியும்போது பிளவு இயேசுவின் கைக்கும் உடலுக்கும் நடுவே போகிறது. கை தனியாக, உடல் தனியாகப் பிரிகிறது. கையை இழந்தவர்களும் இழக்கப் போகிறவர்களும் நிறைந்த கூட்டத்தின் முன்னால் இது நடந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

திறந்த பிறகு முதலில் மங்கள வார்த்தை, நடுவில் வானதூதர்களின் இசையும் குழந்தையோடு மாதாவும், கடைசியில் உயிர்த்தெழுதல். இருட்டு வானத்தில் பெரிய ஒளிவட்டத்துக்குள் இயேசு எழும்புகிறார். தோலில் ஒரு புண் இல்லை. ஐந்து காயத்தின் அடையாளம் மட்டும் இருக்கிறது. வெளியே பார்த்த அதே உடம்பு, குணமான நிலையில்.

அந்தக் கதவையும் திறந்தால் உள்ளே நிக்லாஸ் ஹாகெனவர் செதுக்கிய மரச்சிலைகள், நடுவில் அரியணையில் அந்தோனியார். நம் ஊரில் கோடி அற்புதர் என்று கொண்டாடும் பதுவை அந்தோனியார் இவர் இல்லை, இவர் எகிப்தின் வனத்து அந்தோனியார். இடது கதவில் அவர் ஒரு முதியவரைச் சந்திக்கிறார். ஓலையால் பின்னிய உடை, மேலே ரொட்டி கொண்டுவரும் காகம். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள்: வனத்துச் சின்னப்பர். இருவர் காலடியிலும் மூலிகைச் செடிகள் வளர்ந்திருக்கின்றன. வலது கதவில் பேய்கள் அந்தோனியாரை இழுத்து அடிக்கின்றன. அதன் கீழ் மூலையில், வயிறு வீங்கி, கொப்புளங்களோடு ஒரு உருவம் சாய்ந்து கிடக்கிறது. மருத்துவமனையில் படுத்திருந்த ஒருவரையே ஓவியத்துக்குள் கொண்டுவந்து கிடத்தியது போல இருக்கும்.

ஹிரோனிமஸ் போஷின் 'இன்பத் தோட்டம்' தேவாலய ஓவியமா?

வடிவம் பீட ஓவியத்தின் வடிவம், ஆனால் ஆரம்பத்தில் இருந்த இடமாகத் தெரிவது பிரசல்ஸில் நசாவு பிரபுக்களின் மாளிகை. இப்போது மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1490-1500 வாக்கில் வரைந்தது. மூடியிருக்கும்போது கண்ணாடிக் கோளம் போல ஒரு உலகம், சாம்பல் நிறத்தில். செடி கொடி முளைத்திருக்கிறது, விலங்கும் இல்லை மனிதனும் இல்லை. படைப்பின் மூன்றாம் நாள். மேல் மூலையில் கடவுள் சின்னஞ்சிறு உருவமாக அமர்ந்திருக்கிறார். திறந்தால் இடப்பக்கம் ஏதேன், நடுவில் கூட்டம் கூட்டமாக நிர்வாண மனிதர்கள், ஆளைவிடப் பெரிய ஸ்ட்ராபெர்ரி, பறவைகள். வலப்பக்கம் இருட்டில் நரகம். அங்கே யாழும் வீணையும் போன்ற கருவிகளே சித்திரவதைக் கருவிகள்.

நடுப்பலகை பாவத்தைக் காட்டுகிறதா, பாவம் அறியாத ஒரு உலகத்தைக் காட்டுகிறதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என் வாசிப்பு இது: ஏதேனிலும் தோட்டத்திலும் அடிவானம் ஒரே மட்டத்தில் தொடர்கிறது, வெளிச்சமும் ஒன்றுதான். ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம் போல இருக்கிறது. வலது கதவுக்கு வரும்போதுதான் விளக்கு அணைந்ததுபோல் ஆகிறது. எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று தெரியாதபடி வரைந்திருப்பதுதான் அதில் என்னைப் பயமுறுத்துவது.

மூன்று பலகைக் காட்சிகளுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கிறதே?

சில சமயம் சம்பந்தம் ஒரு சொல்லில் இருக்கும். ஆன்ட்வெர்ப் பேராலயத்தில் ரூபன்ஸ் 1611-14இல் வரைந்த 'சிலுவையிலிருந்து இறக்குதல்' நல்ல உதாரணம். இடதில் கர்ப்பிணி மரியாள் எலிசபெத்தைச் சந்திக்கிறாள், நடுவில் இயேசுவின் உடலை இறக்குகிறார்கள், வலதில் முதியவர் சிமியோன் ஆலயத்தில் குழந்தையை ஏந்துகிறார். இதைக் கேட்டு வாங்கியது துப்பாக்கி வீரர்களின் சங்கம். அவர்களின் பாதுகாவலர் கிறிஸ்தோபர். அந்தப் பெயருக்கே 'கிறிஸ்துவைச் சுமப்பவர்' என்று பொருள். ஒருத்தி வயிற்றில் சுமக்கிறாள், சிலர் பிணமாகச் சுமக்கிறார்கள், ஒருவர் கையில் சுமக்கிறார். மூடினால் வெளியே கிறிஸ்தோபரே குழந்தையைத் தோளில் ஏற்றி ஆற்றைக் கடக்கிறார். பூட்டுக்குச் சாவி கதவின் வெளியிலேயே தொங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டு ஓவியர்கள் இதை ஏன் எடுத்தார்கள்?

ஆட்டோ டிக்ஸ் முதல் உலகப்போரில் பதுங்குகுழியில் கிடந்தவர். 1929 முதல் 1932 வரை 'போர்' என்ற டிரிப்டிக்கை வரைந்தார், டிரெஸ்டனில் இருக்கிறது. இடதில் காலைப் பனியில் படை கிளம்புகிறது, நடுவில் சிதைந்த உடல்கள், வலதில் ஒருவன் காயம்பட்டவனைத் தூக்கி வருகிறான், அந்த முகம் டிக்ஸின் முகம். கீழே ஒரு நீளப் பலகையில் சிப்பாய்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், தூக்கமா சாவா என்று தெரியவில்லை. பீட ஓவியத்தில் இறந்த இயேசுவைக் கிடத்தும் இடம் அது. புனிதரின் இடத்தில் சாதாரணச் சிப்பாயை வைத்ததற்கு மேல் வேறு விளக்கம் தேவையில்லை.

பிரான்சிஸ் பேக்கன் 1944இல் சிலுவையடியில் நிற்கும் உருவங்கள் என்று மூன்று பலகை வரைந்தார். லண்டனின் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. கழுத்து நீண்டு வாய் பிளந்த உருவங்கள், பின்னால் எரியும் ஆரஞ்சு நிறம். சிலுவை எங்கும் இல்லை. பேக்கனின் பலகைகள் சம அளவு, தனித்தனிச் சட்டம், கீல் கிடையாது. மூடவே முடியாத டிரிப்டிக். அவர் சக ஓவியர் லூசியன் ஃபிராய்டை வரைந்த 1969ஆம் ஆண்டு டிரிப்டிக்கின் பலகைகள் ஆளுக்கொன்றாகப் பல ஆண்டுகள் பிரிந்து கிடந்து, பிறகு ஒன்று சேர்ந்து, 2013 ஏலத்தில் 14.24 கோடி டாலருக்குப் போயின.

நம் மும்மூர்த்தி குடைவரைகளையும் டிரிப்டிக் என்று சொல்லலாமா?

சொல்ல வேண்டாம். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலில் பிரம்மா, ஈசன், திருமால் மூவருக்கும் வரிசையாக மூன்று சன்னிதிகள். மூன்று என்ற எண் மட்டும்தான் பொது. இந்தியாவில் உண்மையான உறவைத் தேடினால் ராஜஸ்தானின் காவட் இருக்கிறது. சித்தோர்கர் அருகே பஸ்ஸி என்ற ஊரில் செய்யும் மரப்பெட்டி, அடுக்கடுக்காகக் கதவுகள், எல்லாவற்றிலும் சித்திரம். கதைசொல்லி வீடு வீடாகக் கொண்டுபோய், ஒவ்வொரு கதவாகத் திறந்து கதை சொல்வார். கடைசிக் கதவுக்குள் சாமி. கதவு எண்ணிக்கை மூன்றைத் தாண்டும், ஆனாலும் இசன்ஹைம் மக்களுக்கு இது உடனே புரிந்திருக்கும்.

ஹாலில் மாட்டும் மூன்று துண்டு கேன்வாஸ் படம்?

கடைக்காரர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள், தப்பில்லை. ஒரே காட்சியை மூன்று துண்டாக்குவதற்கு ஜப்பானிய மரஅச்சுப் படங்கள் நல்ல முன்னோடி. தாளின் அளவு சிறியது என்பதால் மூன்று தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். குனியோஷி என்ற ஓவியர் 1840களில் செய்த ராட்சத எலும்புக்கூடு அப்படி விரிந்ததுதான்.

அருங்காட்சியகத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

முடிந்தால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பல இடங்களில் சுவரோடு ஒட்டாமல் நிறுத்தியிருப்பார்கள். இசன்ஹைம் ஓவியத்தைப் பிரித்து, எல்லாப் பக்கமும் தெரியும்படி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் இடம் மாறிய கதையையும் விசாரியுங்கள். மேலே சொன்ன மெம்லிங்கின் தீர்ப்பு ஓவியம் பிளாரன்ஸுக்காகச் செய்தது. 1473இல் கப்பலில் போகும்போது பால் பெனக்கே என்ற மாலுமி கப்பலையே பிடித்துவிட்டார். ஓவியம் அவருடைய ஊரான டான்சிக் நகரத்துக்குப் போனது, இன்றும் அங்கேதான், போலந்தின் கிடான்ஸ்கில் இருக்கிறது. அதாவது முழுசாகத் தப்பித்தது. பலவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கதவைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனி ஓவியமாக விற்றுவிட்டார்கள். ஏதாவது ஒரு அருங்காட்சியகத்தில், ஒடுங்கிய பலகையில் ஒருவர் கைகூப்பிப் பக்கவாட்டில் திரும்பி மண்டியிட்டிருப்பார். அவர் பார்க்கும் திசையில் வெறும் சுவர்தான் இருக்கும். கிட்டே போய்ச் சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். பழைய சட்டமாக இருந்தால் கீல் இருந்த தழும்பு தெரியும்.